கடலோர ஊரில் ஒரு லென்ஸுக்கு எவ்வளவு ஆயுசு?

செகண்ட் ஹேண்ட் கேமரா லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "பத்து வருஷப் பழசுங்கறான், இன்னும் எத்தனை வருஷம் வரும்?" சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதற்கு வருஷக் கணக்கில் பதில் சொல்ல முடியாது. வயதை விசாரிப்பதைவிட, அந்த லென்ஸ் இத்தனை வருஷமும் எங்கே படுத்துக் கிடந்தது என்று விசாரிப்பதில் பிரயோசனம் உண்டு. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மண்டபம் மண்டபமாக அலைந்து, பெயின்ட் உதிர்ந்து, ரப்பர் தேய்ந்துபோன லென்ஸை டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பளிச்சென்று இருக்கும். துபாயிலிருந்து சித்தப்பா வாங்கி வந்தது, தோல் உறையோடு பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தியது, பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் வெளியே வந்தது என்று ஒன்று வரும் பாருங்கள், வெள்ளை நூல் படர்ந்திருப்பது அதில்தான்.

பொதுவாக நம் ஆட்கள் தூசிக்குப் பயப்படுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிறதே, அதனால். என் கட்சி வேறு. இந்தக் கடற்கரை ஓரத்தில் லென்ஸைக் கொல்வது ஈரம், இருட்டு, சும்மா கிடப்பது இந்த மூன்றும் சேர்ந்துதான். தூசி ரொம்பப் பின்னால் வருகிற எதிரி.

ஈரத்தில் வருவது பூஞ்சை. ஃபோட்டோகிராஃபர்கள் 'ஃபங்கஸ்' என்றுதான் சொல்வார்கள். அதன் வித்துகள் எல்லா இடத்திலும் எப்போதும் காற்றில் மிதந்துகொண்டே இருக்கின்றன; புது லென்ஸின் உள்ளேயும் இருக்கும். அது முளைக்க என்னென்ன வேண்டும் என்று ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் குறையாமல் 3 நாளுக்கு மேல் நீடிக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குள். காற்றோட்டம் கூடாது, வெளிச்சம் கூடாது. தின்பதற்குக் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோ, துணி நூலோ, தூசியோ இருந்தால் போதும். யாரோ நம் வீட்டு பீரோவுக்குள் உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கிறது, இல்லையா?

சென்னையில் வருஷத்தின் பெரும்பாலான காலைகளில் ஈரப்பதம் 70-ஐத் தாண்டிவிடும். வெயில் ஏறினால் கொஞ்சம் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த இறக்கமும் கிடையாது. ஈரமானி இல்லாதவர்கள் அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்து பார்க்கலாம். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் வாக்கில் போனதும் தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கல்லுப்பில் மக்னீசியம் உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னாலேயே நசநசத்துவிடும். ஜாடியில் உப்பு கசிந்து நிற்கிறது என்றால் பீரோவில் லென்ஸும் அதே காற்றில்தான் இருக்கிறது. இதே உப்பை வைத்து ஈரமானியையும் சோதிக்கலாம். பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஜிப்லாக் பையில் மூடி ஒரு ராத்திரி விட்டுவிட்டால், காலையில் அது 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் எப்போதும் 7-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய் ஈரமானிகள் பலதும் இப்படித்தான் கொஞ்சம் தள்ளிக் காட்டும்.

பூஞ்சை என்ன செய்கிறது என்பதை அண்ணா சாலையை ஒட்டிய ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர்தான் எனக்குக் கண்முன் காட்டினார். ஒரு பழைய 50 எம்எம் லென்ஸின் முன்பக்க வளையத்தை ரப்பர் திருகியால் அழுத்தித் திருப்பி, உள்ளே இருந்த கண்ணாடியை எடுத்து டிஷ்யூவின் மேல் வைத்தார். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மயிரிழை மாதிரி வெள்ளை இழைகள் ஓடியிருந்தன. ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும் கலந்து ஒரு குப்பியில் வைத்திருந்தார். அதில் பஞ்சை நனைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரே சுழற்சியில் துடைத்தார். இழை எல்லாம் போய்விட்டது. கண்ணாடி புதுசு மாதிரி இருந்தது. "இப்பப் பாருங்க தம்பி" என்று அதன்மேல் வாயால் ஊதினார். மூச்சுக்காற்று படிந்ததும் துடைத்தெறிந்த அதே இழைகளின் தடம் அப்படியே திரும்பத் தெரிந்தது. மூச்சு உலர்ந்ததும் மறைந்துவிட்டது. "பூச்சி போயிடுச்சு. அது கடிச்ச எடம் போவாது."

பூஞ்சை வளரும்போது அமிலங்களைச் சுரக்கிறது. அந்த அமிலம் முதலில் கண்ணாடியில் ஒளி பிரதிபலிக்காமல் இருக்கப் பூசியிருக்கும் மெல்லிய கோட்டிங்கை அரிக்கும், ரொம்ப நாள் விட்டால் கண்ணாடியையும் அரிக்கும். கோட்டிங் அரித்த இடத்தில் ஒளி சிதறும். எதிர்வெளிச்சத்தில் படம் வெளிறிப்போகும், விளக்கைச் சுற்றிப் புகை படர்ந்த மாதிரி இருக்கும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் கிளீனிங்கோடு முடிந்தது. தடம் விழுந்த பிறகு கண்ணாடியைத் திரும்ப மெருகேற்றிக் கோட்டிங் போட வேண்டும். நம் பட்ஜெட் லென்ஸ்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

இது நம் ஊர் தலைவலி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் நியூ கினி காடுகளுக்குப் போன ஆஸ்திரேலிய ராணுவத்தின் பைனாகுலர்களும் துப்பாக்கித் தொலைநோக்கிகளும் பூஞ்சை ஏறி மங்கிப்போயின. மெல்போர்ன் பல்கலைக்கழகத்துத் தாவரவியல்காரர்களை அழைத்து அதை ஆராயச் சொன்னார்கள். மெர்தியோலேட் என்ற பாதரசக் கலவையைக் கருவிக்குள் வைத்துப் பூஞ்சையைத் தடுக்கும் வழியை அவர்கள் கண்டுபிடித்தார்கள். பாதரசம் என்பதால் இன்று அதை யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள். நமக்கு அது தேவையும் இல்லை, ஈரத்தை இறக்கினால் போதும்.

ஈரம் லென்ஸுக்குள் போவதற்கு மழையில் நனைய வேண்டும் என்பதே இல்லை. ஏசி அறையே போதும். வைகாசி, ஆனியில் சாயங்காலம் கடற்காற்று வீசும்போது இங்கே காற்றின் பனிநிலை 25, 26 டிகிரிக்குப் போய்விடும். அதாவது 25 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பொருளை வெளியே கொண்டுவந்தாலும் அதன்மேல் தண்ணீர் படியும். ராத்திரி முழுக்க 23-ல் ஏசி போட்டுத் தூங்கிவிட்டு, விடியற்காலையில் சூரியோதயம் எடுக்க பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் மூடியைத் திறந்தால் கண்ணாடி பால் வெள்ளையாகிவிடும். அதைத் துடைத்தால் திரும்பப் படியும். மோசமான விஷயம், அந்த நேரத்தில் ஜூமை இழுத்து நீட்டுவது. வெளியே இருக்கிற ஈரக்காற்றை உள்ளே இழுத்து, குளிர்ந்த உள் கண்ணாடிகளின் மேல் படிய வைக்கிற வேலை அது. வெளிப்பக்கம் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும், உள்பக்கம் அப்படி இல்லை. ஏசி அறையை விட்டுக் கிளம்பும் முன்பே லென்ஸை ஜிப்லாக் பையில் போட்டு மூடி, வெளியே வந்து அரைமணி கழித்துப் பையைத் திறந்தால் தண்ணீர் பையின்மேல்தான் படிந்திருக்கும். கல்யாண ஃபோட்டோகிராஃபர்களில் விவரமானவர்கள் ஏசி ஹாலுக்கும் வெளியே ஊர்வலத்துக்கும் தனித்தனி கேமராவே வைத்துக்கொள்கிறார்கள். வசதி இருந்தால் அது இன்னும் நல்லது.

கல்யாண மண்டபம் என்றதும் சொல்ல வேண்டும், லென்ஸுக்கு இதைவிடச் சிக்கலான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஹோமத்தில் நெய் விடுகிறார்கள், புகை எழும்புகிறது, அந்தப் புகையில் இருக்கும் கரி நெய்ப்பிசுக்கோடு சேர்ந்து கண்ணாடியில் படிகிறது. வாசலில் பன்னீர்ச் சொம்போடு நிற்கும் பெண், கேமராக்காரருக்கும் சேர்த்துத்தான் தெளிப்பார். அட்சதையோடு மஞ்சள் தூள் பறக்கும். தாலி கட்டும் நேரத்தில் ஃபோட்டோகிராஃபர் மணமக்களுக்கு இரண்டடி தூரத்தில் நிற்கிறார், எங்கே போய் ஒதுங்குவது? எண்ணெய், மாவு, ஈரம் எல்லாம் ஒரே வேளையில் பரிமாறப்படுகிறது. பூஞ்சைக்குக் கல்யாணச் சாப்பாடு. லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் யூவி ஃபில்டர் கண்ணாடி தேவையா இல்லையா என்று ஃபோட்டோகிராஃபர்கள் வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். மண்டபத்தில் நான் ஃபில்டர் கட்சி. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றித் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஆறவிட வேண்டும். ஃபில்டருக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற வழி இல்லை. மாதக்கணக்கில் கழற்றாத ஃபில்டர்களுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்திருப்பதை அந்த மெக்கானிக் கடையில் நிறையப் பார்க்கலாம்.

இப்போது தூசி. அலங்காநல்லூரில் வாடிவாசலுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தவர்களுக்குத் தெரியும், ஒரு காளை பாய்ந்து போனதும் கேமரா முழுக்கச் செம்மண் நிறமாகிவிடும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகை மணல் ஒரு பக்கம், தோல் பைகளிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர் ஒரு பக்கம். இதில் எல்லாம் லென்ஸுக்குள் தூசி போகத்தான் செய்யும். கேனான் 1998-ல் கொண்டுவந்த 100-400 எம்எம் லென்ஸை ஜூம் செய்ய முன்னும் பின்னும் தள்ள வேண்டும். அதற்கு உலகம் முழுக்க 'டஸ்ட் பம்ப்' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். 2014-ல் வந்த அடுத்த மாடலில் சுழற்றும் வளையம் வைத்துவிட்டார்கள். ஆனால் சுழற்றினாலும் குழாய் நீளத்தானே செய்கிறது? நீளும் ஜூம் எதுவானாலும் மூச்சு விடும், மூச்சோடு தூசியும் வரும்.

அந்தத் தூசி படத்தில் தெரியுமா என்றால், அநேகமாகத் தெரியாது. முன் கண்ணாடிப் பக்கம் இருக்கும் பத்து இருபது துகள்கள் ஃபோகஸுக்கு வெகு தூரம் வெளியே கிடப்பதால் படத்தில் உருவமாக விழாது. அகலமான காட்சி எடுக்கும் லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கி வைத்து நேராகச் சூரியனைப் பார்த்து எடுத்தால் ஏதாவது புள்ளி தெரியலாம். பின் கண்ணாடியில் இருக்கும் தூசி கொஞ்சம் அதிகம் தொந்தரவு செய்யும், அதைத் துடைப்பது சுலபம். உள்ளே நான்கு துகள் தெரிகிறது என்பதற்காக நல்ல லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்கிறவர்கள், வியாதியைவிட வைத்தியத்தால் அதிகம் இழக்கிறார்கள். பிரித்து மாட்டும்போது உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடி மயிரிழை நகர்ந்தாலும் படத்தின் ஒரு ஓரம் மங்கிவிடும்.

தூசியில் உண்மையான ஆபத்து இரண்டு இடத்தில். ஒன்று, மணல் ஜூம் குழாய்க்குள் போய் நறநறப்பது. இன்னொன்று, நம் வேட்டி நுனி. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் பெரும்பாலான லென்ஸ் கண்ணாடிகளைவிடக் கடினமானது. அது கண்ணாடியின்மேல் உட்கார்ந்திருக்கும்போது வேட்டியாலோ துப்பட்டாவாலோ தேய்த்தால் கீறல் விழத்தான் செய்யும். ஊதுகுழல் பந்தால் நாலு முறை ஊதி, பிரஷ்ஷால் தட்டி, அதற்கப்புறம்தான் துணி. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

கடற்கரைத் தூசிக்கு மட்டும் தனி மரியாதை கொடுக்க வேண்டும். தனுஷ்கோடியில் ஒரு மணி நேரம் நின்றால் லென்ஸ் உடம்பில் பிசுபிசுவென்று ஒரு படலம் ஏறும். அது உப்பு. நான் மேலே சொன்ன அதே கணக்குதான், ஈரப்பதம் ஏறினால் அந்த உப்பு தண்ணீரை இழுத்து உப்புநீராகி, திருகாணிகளிலும், லென்ஸைக் கேமராவில் மாட்டும் மவுன்ட் வளையத்தின் இடுக்குகளிலும் வேலையை ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். உலர்ந்த துணியால் மட்டும் துடைப்பது உப்பை இடுக்குக்குள் தள்ளிவிடுகிற வேலை.

சரி, இடுக்குகளில் ரப்பர் வளையம் வைத்து 'வெதர் சீல்' செய்த லென்ஸ் வாங்கிவிட்டால்? சாரலுக்கும் புழுதிக்கும் அது நிச்சயம் உதவும். 2022-ல் வந்த ஓஎம்-1 கேமராவுக்கு ஐபி 53 என்று தரச்சான்றே உண்டு. ஆனால் அந்த ரப்பர் வளையங்கள் தெறிக்கும் தண்ணீரையும் தூசியையும் மனதில் வைத்துச் செய்தவை. நீராவியை வாரக்கணக்கில் தடுக்க அவற்றால் ஆகாது. பீரோவில் ஒரு மழைக்காலம் கிடந்தால் சீல் இருக்கிற லென்ஸும் இல்லாத லென்ஸும் ஒன்றுதான்.

அப்படியானால் எங்கே வைப்பது? பழைய ஸ்டுடியோக்காரர்கள் மர அலமாரிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிட்டு அதில் கேமராவை வைப்பார்கள். பேர்தான் ஜீரோ வாட், உண்மையில் 15 வாட் வாக்கில் எடுக்கும். அந்தச் சூடுதான் மருந்து. 28 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் இருக்கும் காற்றை 33 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியேற்றாமலேயே ஈரப்பதம் 60-க்கு இறங்கிவிடும். அறிவியல் படித்துச் செய்தார்களோ பழக்கத்தில் செய்தார்களோ, கணக்கு சரியாக இருக்கிறது. இன்று அதே அலமாரியில் பல்பு ஃப்யூஸ் போனால் கடையில் எல்இடி ஜீரோ வாட்தான் கிடைக்கிறது. அது அரை வாட் எடுக்கும். வெளிச்சம் வரும், சூடு வராது. அலமாரி வேலை செய்கிறது என்று நம்பி உள்ளே வைத்துக்கொண்டிருப்பார்கள்.

பணம் இருந்தால் ஈரத்தைத் தானே இறக்கி வைக்கும் மின்சார அலமாரியான ட்ரை கேபினெட் வாங்கிவிடுங்கள், ஈரப்பதத்தை 40-லிருந்து 50-க்குள் வைத்தால் போதும். 30-க்குக் கீழே கொண்டுபோவதால் லாபம் எதுவும் இல்லை, ரப்பருக்கும் கிரீஸுக்கும்தான் கெடுதல். பணம் இல்லையென்றால் ரப்பர் விளிம்பு வைத்த இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ சிலிக்கா ஜெல், ஒரு ஈரமானி. நான் பல வருஷம் இப்படித்தான் ஓட்டினேன். செருப்புப் பெட்டியில் வரும் குட்டிப் பாக்கெட்டுகளை நம்ப வேண்டாம், நம் கைக்கு வரும்போதே அவை ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதை வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அது உடம்புக்கு ஆகாது. குடித்து முடித்த ஜெல்லை 110, 120 டிகிரியில் வறுத்தால் திரும்பப் பயன்படும். அதற்குச் சமையல் வாணலியைத் தொடாதீர்கள்.

அரிசி டிரம்மில் புதைத்து வைப்பது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. அரிசியில் மாவுத்தூசி இருக்கிறது, மேலே சொன்ன விருந்தில் அது முதல் பந்தி. பீரோவில் அந்துருண்டை, கற்பூரம் எல்லாம் இருந்தால் லென்ஸை அங்கே வைக்கவே கூடாது. அந்த ஆவி நல்லதில்லை என்று கேமரா கையேடுகளிலேயே எச்சரித்திருக்கிறார்கள். தோல் உறை அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதுவே தீனியும் கூட. உறையை ஷோகேஸில் வையுங்கள், லென்ஸை டப்பாவில் வையுங்கள். வெயிலில் வைத்தால் பூஞ்சை செத்துவிடும் என்று சிலர் மொட்டைமாடியில் காயவைப்பார்கள். காலை வெயில் கொஞ்சம் உதவும், ஆனால் இரண்டு மூடியையும் கழற்றிய லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி. கீழே துணியோ பேப்பரோ இருந்தால் தீப்பிடித்துவிடும்.

இத்தனை செய்தாலும் லென்ஸில் கிழடாகிற பாகங்கள் வேறு உண்டு. ஜூம் வளையத்து ரப்பர் ஊதித் தளர்ந்து கழன்று வரும், மாற்றுவது சுலபம். பாலியூரிதேன் பூச்சு பூசிய லென்ஸ்கள் ஈரக்காற்றிலேயே பிசுபிசுத்துப்போகும். கத்திரி வெயிலில் காருக்குள் விட்டால் கிரீஸ் இளகி, அதன் எண்ணெய், ஒளி நுழையும் துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் பிளேடுகளில் ஏறி ஒட்டிக்கொள்ளும். நிக்கானின் பழைய 55 எம்எம் எஃப் 2.8 மைக்ரோ லென்ஸ் இதற்குப் பேர்போனது. இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை விட்டுக்கொண்டால் விளிம்பில் வானவில் மாதிரி நிறம் தெரியும். அப்படிப்பட்டதை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் முதலில் போவது கண்ணாடியே அல்ல. ஜூம் செய்யும்போது மடங்கி மடங்கி விரியும் ஃபிளெக்ஸ் கேபிள், அப்பர்ச்சர் யூனிட், ஃபோகஸ் மோட்டார், இவைதான். மாடல் நின்றுபோய்ச் சில வருஷங்களில் இந்தப் பாகங்கள் வருவதும் நின்றுவிடும். அப்புறம் இன்னொரு செத்த லென்ஸிலிருந்து எடுத்துப் போட்டால்தான் உண்டு. 1959-ல் வந்த நிக்கான் எஃப் மவுன்ட்டின் ஆரம்ப கால மேனுவல் லென்ஸ்கள் இன்னும் ஓடுகின்றன, ஏனென்றால் அவற்றில் போவதற்கு வயரே கிடையாது. துடைத்து, கிரீஸ் மாற்றி மாட்டினால் முடிந்தது.

அதனால் செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைக் கொஞ்சம் சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசிப் புள்ளிகளைக் கண்டுகொள்ளாதீர்கள், இழை தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். விளிம்பில் லேசாக ஒரு நூல் தெரிந்தால் விலையைக் குறைத்து வாங்கி நேராக மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம். நடுவில் தடம் விழுந்திருந்தால் வேண்டாம், எதிர்வெளிச்சமே இல்லாத ஸ்டுடியோவுக்கு என்றால் மட்டும் யோசிக்கலாம். ஆட்டோஃபோகஸ் லென்ஸ் என்றால் பணம் கொடுக்கும் முன்னால் மெக்கானிக்குக்கு ஒரு போன் போட்டு, அந்த மாடலுக்கு ஃபிளெக்ஸ் இன்னும் கிடைக்கிறதா என்று கேளுங்கள். போன வாரம் ஒரு பையன் என்னிடம் காட்டிய 24-105 எம்எம் ஜூம் லென்ஸுக்கு மெக்கானிக் சொன்ன பதில், "கண்ணாடி சூப்பரா இருக்கு தம்பி, ஃபிளெக்ஸ் வர்றது நின்னு போச்சு. பாதி வெலைக்குக் குடுத்தா வாங்கச் சொல்லுங்க." விற்கிறவர் பாதி விலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பையன் அதே பணத்துக்கு ஒரு 50 எம்எம் லென்ஸும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வாங்கிக்கொண்டான்.